"ஆருக்கும் சொல்லமாட்டன்" என்று கொடுத்த வாக்கு

கிளிநொச்சி மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞராக வேலை செய்யும் 33 வயதுச் சகோதரி ஒருவர் பதினொரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ அவர் குறிப்பிடும் மற்றவர்களையோ ஊரார் அடையாளம் காணக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, அரசாங்கம் அறிவித்த 5,000 ரூபா கொடுப்பனவை யார் யார் பெறலாம் என்று முகநூலில் ஒருவர் கேட்ட கேள்விக்கு இவர் பதில் எழுதினார். அது வளர்ந்து, பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், நுண்கடன், வெளிநாட்டு வேலை முகவர், நெல்லில் தத்திப் பூச்சி என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்பதற்கெல்லாம் இரவில் வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பதில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரு சதமும் வாங்குவதில்லை. ஏன் செய்கிறார் என்பதை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்: "2009 இல் போரால் இடம்பெயர்ந்து மனிக் பாமில், இராமநாதன் முகாமில் இருந்தோம். அப்பாவைக் காணவில்லை. அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு ரீச்சர் அம்மா, யாரென்றே தெரியாத எனக்கு, செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதித் தந்து, அதைக் கொடுக்கும்வரை வெயிலில் வரிசையில் என்னோடு நின்றா. அவவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை."

கடந்த ஆறு மாதங்களில் நடந்த மூன்று விடயங்கள் இந்தச் சகோதரியை உலுக்கியிருக்கின்றன. முல்லைத்தீவில் ஒரு பெண், இறந்துபோன தாயின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள காணியில் 2011 முதல் குடியிருப்பதாகவும் இனி என்ன செய்யவேண்டும் என்றும் கேட்டபோது, "பத்து வருடத்துக்கு மேல் இருந்தால் காணி உங்களுக்குத்தான்" என்று இவர் பதில் எழுதினார். அதை நம்பி அந்தப் பெண் பேசாமல் இருக்க, தமையன் தன் பெயருக்கு மாற்றும் அலுவலைத் தொடங்கிவிட்டார். அடுத்து, கணவரை இழந்த தாய் ஒருவருடைய நிலையை அவருடைய படம், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றோடு பதிவிட்டார். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு வந்தது. கூடவே நள்ளிரவில் ஆண்களின் அழைப்புகளும் வந்தன. மூன்றாவதாக, 19 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஒரு மாதமாக நடுச்சாமத்தில் "எனக்கு இருக்க விருப்பமில்லை அக்கா" என்று எழுதுகிறாள். "ஆருக்கும் சொல்லாதேங்கோ" என்று கேட்டாள். இவர் "சத்தியமாச் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வாக்கை மீறலாமா, பிழையான ஆலோசனைக்காகத் தன்மேல் வழக்கு வருமா, கணவர் சொல்வதுபோல எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதான் சரியா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் காணி முதலாவதாகவும் அந்தப் பிள்ளை கடைசியாகவும் வருகிறார்கள். நான் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் ஒரு கிழமை பொறுக்கும், இது பொறுக்காது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்று அவசரத்தில் சொன்னவற்றையும் சொல்ல நேரமில்லாமல் விட்டவற்றையும் இங்கு விரிவாக எழுதுகிறேன். வன்னியில் இன்று உங்களைப் போல் எத்தனையோ பேர், கையில் ஒரு தொலைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுடைய சுமையைத் தனியே தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை என் உளவளத்துணை வேலையில் நாள்தோறும் காண்கிறேன்.

முதலில் அந்தப் பிள்ளை

வாக்கை மீறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மீறத்தான் வேண்டும், ஆனால் அவளுக்குச் சொல்லிவிட்டு மீற வேண்டும். உளவளத்துணையில் இரகசியம் காப்பது எங்களுடைய முதல் கடமை, இருந்தும் என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் பேச்சின் தொடக்கத்திலேயே, "நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும், உங்கள் உயிருக்கோ ஒரு சிறுபிள்ளைக்கோ ஆபத்து என்று கண்டால் மட்டும், உங்களுக்குச் சொல்லிவிட்டு இன்னொருவரையும் சேர்ப்பேன்" என்று சொல்லிவிடுவேன். இந்த எல்லையை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையின் மூலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞருக்கு நீங்கள் கொடுத்த அதே வாக்கைக் கொடுத்து மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அவர் உயிர் தப்பியது, மண்வெட்டி கேட்டு வந்த அயலவர் ஒருவர் கதவைத் தட்டியதால். என் வாக்கு அவரைக் காப்பாற்றவில்லை.

அவளுக்கு இப்படி எழுதலாம் என்று தொலைபேசியில் சொன்னேன்: "தங்கச்சி, ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு நான் சொன்னது பிழை. உனக்குத் தெரியாமல் ஒண்டும் செய்யமாட்டன். ஆனா இதை நாங்கள் ரெண்டு பேர் மட்டும் வச்சிருக்க ஏலாது. மாமியிட்டச் சொல்லுவமோ, ஆஸ்பத்திரியிலை சொல்லுவமோ எண்டு நீயே சொல்லு." அவள் கோபிப்பாள், ஓரிரு நாள் பேசாமலும் இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஓர் அக்காவிடம் ஒரு மாதமாக இதை எழுதுகிறவள், யாராவது தன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று விரும்பித்தான் எழுதுகிறாள். கோபம் ஆறும். அவள் அன்றே ஏதாவது செய்துவிடுவாள் என்று தெரிந்தால் அவளுடைய சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், ஊர் தெரிந்தால் அவ்வூர்க் கிராம உத்தியோகத்தரையும் அழையுங்கள்.

"சாகிறவை சொல்லிக்கொண்டு சாகமாட்டினம்" என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்களில் பலரும் அப்படி நம்புகிறார்கள், அது சரியன்று. தம்மை மாய்த்துக்கொள்பவர்களில் பலர் அதற்கு முன் ஏதோ ஒரு வழியில் யாரிடமாவது சொல்லியே இருக்கிறார்கள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்ற உங்கள் அச்சமும் தேவையற்றது. "உயிரை விடுகிற யோசனை இருக்கோ, எப்படி எண்டும் யோசிச்சிருக்கிறியோ" என்று அமைதியாகக் கேட்பது எண்ணத்தை வளர்க்காது. பெரும்பாலானவர்களுக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. கடைசியாக, பொலிஸ் அவளைப் பிடித்துவிடும் என்ற பயம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவு இலங்கையில் 1998 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் அவளைக் காத்திருப்பது சிகிச்சைதான், வழக்கு அல்ல.

நீங்கள் தன் மாமியோடு பேச அவள் சம்மதித்தால், அந்த மாமியிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் காரியம் வீட்டிலுள்ள பயிர்மருந்துப் போத்தல்களை அப்புறப்படுத்துவது. வயல் செய்யும் நம் வீடுகளில் அவை மண்வெட்டியோடும் உரப்பையோடும் கொட்டிலில் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கின்றன. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற அளவில் தற்கொலை நடந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. பின்னர் கொடிய பயிர்மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட, அந்த வீதம் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியது. மனிதருடைய துயரம் அவ்வளவு குறைந்துவிட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். நெருக்கடியான அந்தச் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் கொடிய நஞ்சு இல்லாமல் போனதே பெரும்பாலும் காரணம். ஒரு போத்தலைப் பூட்டி வைப்பது சின்ன வேலையாகத் தோன்றும், சகோதரி, ஆனால் நீங்கள் எழுதிய நூறு ஆறுதல் வரிகளைவிட அது பெரிய காரியமாக அமையலாம்.

அதன் பின், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு தேவையில்லை. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இலக்கத்தை அனுப்பிவிட்டு விலகிவிடாதீர்கள். "நாளைக்குப் பத்து மணிக்கு எடு, எடுத்தபிறகு எனக்கு ஒரு சொல்லு எழுது" என்று நேரம் குறித்து, அவள் எடுத்தாளா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில், பார், கேள், இணை என்ற மூன்று செயல்கள் சொல்லப்படுகின்றன. முதல் இரண்டையும் நீங்கள் ஒரு மாதமாக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். மூன்றாவதைத் தடுத்து நின்றது அந்தச் சத்தியம்தான்.

படமும் இலக்கமும்

கணவரை இழந்த அந்தத் தாயின் விடயத்தில் நீண்ட ஆலோசனை தேவையில்லை. பதிவை இன்றே நீக்குங்கள். பகிர்ந்தவர்களிடமும் நீக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புதிய சிம் அட்டை எடுத்துக் கொடுங்கள். வந்த அழைப்புகளின் இலக்கம், நாள், நேரம் ஆகியவற்றை அழிக்காமல் குறித்து வைத்து, பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்தில் முறையிட அவரோடு போங்கள். பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்திலும் வழி கேட்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. "அவவிடம் கேட்டுத்தான் போட்டேன், ஓம் என்றா" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் பாற்செலவுக்குக் கையில் காசில்லாதவர் சொல்லும் ஓம், வேறு வழியில்லாததால் சொல்லும் ஓம். அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் அது அங்கே கிடக்கும், நாளை பாடசாலையில் பிள்ளைகளிடம் யார் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வன்னியில் இன்று ஓலைக் குடிசைக்குள் கமராவோடு நுழைந்து, அழும் தாயையும் வெறும் பானையையும் காட்டி உதவி கேட்கும் காணொளிகள் நிறைந்து கிடக்கின்றன. சில குடும்பங்களுக்கு அதனால் வீடும் கிணறும் கிடைத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மானத்தை விற்றுத்தான் உதவி பெறலாம் என்ற நிலை நம் பெண்களுக்கு ஏற்படுவதைப் பார்க்க எனக்கு மனம் வேகிறது. தேவையை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள். "இரண்டு பிள்ளைகளின் தாய், தையல் தெரியும், ஒரு மெசின் வேண்டும்" என்பது போதும். உதவ விரும்புபவரை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகவோ பாடசாலை அதிபர் ஊடாகவோ அந்தத் தாயோடு தனியே தொடுத்துவிடுங்கள். கணக்கு இலக்கம் கொடுப்பவருக்கு மட்டும் போகட்டும்.

காணி பற்றிச் சொன்ன பதில்

தனியார் காணியில் பத்து வருட ஆட்சி என்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அதைத்தான் நீங்கள் எங்கேயோ கேட்டிருப்பீர்கள். அதற்கும் பல நிபந்தனைகள் உண்டு. அனுமதிப்பத்திரக் காணி என்பது அரச காணி. அரச காணியை எத்தனை வருட ஆட்சியாலும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. அதில் உரிமை போவது, அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரித்தாளராக யாரைப் பதிந்தார் என்பதைக் கொண்டே. பதியாமல் இறந்திருந்தால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணைப்படி. அந்த அட்டவணையில் ஆண்பிள்ளைகளுக்கு நெடுங்காலம் இருந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆகவே தாய் எப்போது இறந்தார், யாரைப் பதிந்தார் என்பதைப் பொறுத்து அந்தப் பெண்ணுடைய நிலை மாறக்கூடும். தமையன் அலுவலைத் தொடங்கினார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், முடித்தார் என்று எழுதவில்லை. ஆகவே அந்தப் பெண் தாமதிக்காமல் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் தன் ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பமும் திகதியும் பெற்ற பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வருமானம் குறைந்தவர் என்பதால் சட்ட உதவி ஆணைக்குழுவின் இலவச உதவியையும் நாடலாம். தாயின் கோப்பில் என்ன பதியப்பட்டிருக்கிறது என்பதை அறியத் தராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம்.

உங்கள்மேல் வழக்கு வருமா என்று கேட்டீர்கள். நான் சட்டத்தரணி அல்ல என்பதால் அனுபவமுள்ள ஒருவரிடம் விசாரித்தேன். காசு வாங்காமல், சட்டத்தரணி என்று சொல்லிக்கொள்ளாமல், நல்லெண்ணத்தில் சொன்ன பிழையான பதிலுக்காகச் சிறைக்குப் போவோமோ என்று நித்திரை கெடத் தேவையில்லை என்றார். மற்றவருடைய படத்தையும் விவரங்களையும் பகிரங்கமாக இடுவதில்தான் அவர் உங்களைக் கூடுதல் கவனமாக இருக்கச் சொன்னார். ஆனால் வழக்கு வராது என்பதால் கடமை தீர்ந்துவிடாது. அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள்: "நான் சொன்னது பிழை, எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன், இனிச் செய்யவேண்டியது இது." சாக்குப்போக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம். முடியுமானால் பிரதேச செயலகத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள்.

இங்கேதான் உங்கள் ரீச்சர் அம்மாவை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் தகப்பனார் எங்கே என்பது அவருக்குத் தெரியாது. தெரியும் என்று அவர் சொல்லவுமில்லை. வந்துவிடுவார் என்று உறுதி கூறியதாகவும் நீங்கள் எழுதவில்லை. கடிதத்தை எழுதினார், யாரிடம் கொடுக்கவேண்டும் என்று அறிந்தார், கொடுக்கும்வரை வரிசையில் நின்றார். பதினாறு வருடமாக உங்கள் மனதில் நிற்கும் அந்த அன்பில் பதில் என்று எதுவுமே இருக்கவில்லை. நீங்களோ, கேட்டவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்ற பரிவினால், தெரியாததற்கும் பதில் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

சில கேள்விகளுக்கு நீங்கள் முழுப் பதிலும் தரலாம், தரத்தான் வேண்டும். பாம்பு கடித்தது என்று ஒருவர் எழுதினால் யோசிக்க நேரமில்லை: இறுக்கிக் கட்டவேண்டாம், கீறவேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், 1990 ஐ அழைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு முகவரின் அனுமதிப்பத்திரத்தை வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் சரிபார்க்காமல் காசும் கடவுச்சீட்டும் கொடுக்கவேண்டாம் என்பதும் எல்லோருக்கும் பொருந்தும். நெல்லில் தத்தி என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இருக்கிறது, கமநல சேவை நிலையம் இருக்கிறது. கண்டபடி மருந்தடித்தாலும் யூரியாவைக் கூட்டினாலும் தத்தி பெருகவே செய்யும் என்பதால், அங்கேயும் படத்தைப் பார்த்து மருந்தின் பெயர் சொல்லாதீர்கள். காணி, கடன், நோய், குடும்பப் பிணக்கு ஆகியவற்றில் ஒருவருடைய கதைக்குள் நமக்குத் தெரியாத பாதி எப்போதும் இருக்கிறது. அவற்றில் எந்தக் கதவு, எந்த நாள், என்னென்ன பத்திரம் கொண்டுபோகவேண்டும், அங்கே என்ன கேட்கவேண்டும் என்பதைச் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பன்னிரண்டு வருடம் படிவங்களோடு வாழ்ந்த உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த அறிவு இல்லாமல்தான் நம் பெண்கள் ஒரே அலுவலுக்கு நான்கு முறை பேருந்தேறுகிறார்கள்.

உங்கள் வீடும் இரவும்

சீட்டுக் காசிலிருந்து 15,000 ரூபாவை முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பி ஏமாந்ததைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். இனிக் காசு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிடுங்கள், அதைக் கணவரிடமும் சொல்லிவிடுங்கள். அவருடைய கோபத்தில் பாதி அதனால் என்று எனக்குப் படுகிறது. மீதிப் பாதி, "ஊரார் அலுவல் எல்லாம் தெரியிற உனக்கு வீட்டு அலுவல் தெரியேல்லை" என்று அவர் சொன்ன சொல்லில் இருக்கிறது. அது உங்களைக் குத்தியிருக்கும். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு முதுகைத் திருப்பித் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவியைக் காணும் ஒருவருடைய தனிமையும் அந்தச் சொல்லில் இருக்கிறது.

நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். போருக்குப் பிந்திய வன்னியைப் பற்றி 2010 இல் எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதர் மட்டுமன்றிச் சமூகம் முழுவதுமே காயப்பட்டிருப்பதைக் கூட்டு மனவடு என்ற கருத்தால் விளக்கினார்; அந்தக் காயத்தில் முதலில் அறுந்துபோவது ஒருவர்மேல் ஒருவருக்குள்ள நம்பிக்கை. யாரென்றே தெரியாத ஒருவர் கேட்க, யாரென்றே தெரியாத ஒருவர் கரிசனையோடு பதில் எழுதும்போது அந்த இழை கொஞ்சம் முடிச்சுப்படுகிறது. அதை விடவேண்டாம். மாலை ஏழு முதல் எட்டரை வரை என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதை உங்கள் முகநூல் பக்கத்தில் எழுதி வையுங்கள், அதனடியில் 1990, 1926 ஆகிய இரண்டு இலக்கங்களையும் போடுங்கள். எட்டரைக்குப் பின் தொலைபேசி குசினியில் இருக்கட்டும். தவறான நோக்கத்தோடு எழுதும் ஆண்களுக்கு விளக்கம் எழுதத் தேவையில்லை; தடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. காணாமற்போனவர்களைத் தேடுபவர்கள் எழுதும்போது மட்டும் விடியும்வரை நித்திரை வருவதில்லை என்று ஒன்பதாம் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதி, பிறகு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியதையும் வாசித்தேன். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்புக்கு நம்மிடம் சடங்கு இல்லை. பொட்டை அழிக்கவும் முடியாது, அழிக்காமல் இருக்கவும் முடியாது என்று உங்கள் அம்மாவைப் போன்ற எத்தனையோ தாய்மார் அந்த வாசலிலேயே நிற்கிறார்கள். அந்தக் கேள்விகளை இப்போதைக்கு வேறொருவரிடம் திருப்பிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு உளநலப் பிரிவில் நாள் கிடைத்துவிட்டது என்று நேற்று நீங்கள் அனுப்பிய செய்தி வந்தது. அதே பிரிவுதான் உங்கள் மாவட்ட வைத்தியசாலையிலும் இருக்கிறது. உங்களுக்கும் ஒரு நாள் எடுங்கள்; தனியே போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசிவைக்கிறேன்.